நீர்விமான மாடல்: ஆற்றுக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி

மோகனூர்க் காவிரிக்கரையில் நின்று எதிர்க்கரை வாங்கலைப் பார்க்கிற யாருக்கும், அதுவும் ரிமோட் விமானம் செய்கிற ஆசை பிடித்த கல்லூரி மாணவனுக்கு, ஒரு எண்ணம் வராமல் இருக்காது. இத்தனை அகலமான ஓடுதளம் வேறு எங்கே கிடைக்கும்? ஊருக்குள் பார்த்தால் ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் வாழை, இடையிலே வெற்றிலைக் கொடிக்கால். சக்கரம் வைத்த மாடலை இறக்க நூறு அடி சமதரை தேடுவதே பெரும்பாடு. சக்கரத்தைக் கழற்றிவிட்டு மிதவை மாட்டினால் விஷயம் முடிந்தது என்று தோன்றும்.

விஷயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மிதவை மாட்டிய விமானம் நீர்விமானம் ஆகிவிடாது. அது முதலில் ஒரு படகு. அதன் பிறகுதான் விமானம். படகாக ஒழுங்காக இல்லாத ஒன்று விமானமாவதற்கு வாய்ப்பே கிடைக்காது. முதல் நாளே மூக்குக் குத்தி மூழ்குகிற மாடல்களில் பெரும்பாலானவை வானத்தில் தோற்றவை அல்ல, தண்ணீரைவிட்டு எழும்பாமலே தோற்றவை. இரண்டு விரலில் தூக்கிப் பார்த்து "பேலன்ஸ் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு நேரே ஆற்றுக்குக் கிளம்புகிற வழக்கம்தான் இதற்குக் காரணம். மேஜைமேல் பார்த்த சமநிலை ஆற்றில் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மோகனூர் மாதிரி ஓடுகிற ஆற்றில் முதல் பறத்தலை வைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய அவசரம்.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நடிகர் அஜித் குமார் ரிமோட் விமானம் விடுவதும், 2018இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்து தக்ஷா குழுவுக்கு ஆலோசகராக இருந்ததும் பத்திரிகைகளில் வந்த பிறகு, ஏரோ படிக்காத பையன்கள்கூட மோட்டாரும் சர்வோவும் வாங்க ஆரம்பித்தார்கள். நீர்விமானமும் செய்தியில் அடிபட்டுக்கொண்டே இருக்கிறது. 2020 அக்டோபர் 31 அன்று குஜராத்தில் சபர்மதி ஆற்றிலிருந்து கேவடியாவுக்கு சேவை தொடங்கி, அடுத்த ஆண்டே நின்று போனது. 2024 நவம்பர் 11 அன்று கொச்சியிலிருந்து கிளம்பிய ட்வின் ஆட்டர் விமானம் ஒன்று மூணாறு பக்கம் மாட்டுப்பட்டி அணையில் இறங்கிக் காட்டியது. வீடியோவில் பார்க்கும்போது எல்லாம் சுலபமாகத்தான் இருக்கிறது.

ஆனால் தமிழ்நாட்டுக்கு நீர்விமானம் புதிது இல்லை. இரண்டாம் உலகப்போரின்போது சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் செங்குன்றம் ஏரி பிரிட்டிஷ் விமானப்படையின் நீர்விமானத் தளமாக இருந்தது. கேட்டலினா என்ற பறக்கும் படகுகள் அங்கிருந்து வங்காள விரிகுடாவைக் கண்காணிக்கப் போய்வந்தன. இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் கொக்கல ஏரியும் அப்படித்தான். 1942 ஏப்ரல் 4 அன்று ஜப்பானியக் கடற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டு சொன்னது கொக்கலவிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினா. அடுத்த ஆண்டு, அதாவது 1943இல், அதே ஏரிக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் இடையே குவாண்டாஸ் நிறுவனம் இடைநில்லாமல் கேட்டலினா விட்டது. சுமார் 30 மணி நேரப் பயணம். எரிபொருளை ஏற்றிய பிறகு மிச்சமிருந்த இடத்தில் ஏற்ற முடிந்தது அதிகபட்சம் மூன்று பயணிகளும் 69 கிலோ அஞ்சலும்தான். அவ்வளவு பெரிய விமானத்துக்கே கிலோக் கணக்குப் பார்த்தார்கள். ஒரு கிலோ எடையுள்ள மாடலுக்கு கிராம் கணக்குப் பார்க்கச் சொன்னால் நம் பையன்களுக்குக் கொட்டாவி வருகிறது.

கேட்டலினாவின் படத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தாலே பாதிப் பாடம் கிடைத்துவிடும். இறக்கை உடலோடு ஒட்டி இல்லாமல் ஒரு தூண்மேல் தூக்கி வைத்ததுபோல் இருக்கும். இன்ஜின்கள் இரண்டும் அந்த இறக்கையிலே, தண்ணீர்ச் சாரல் புரொப்பெல்லரில் அடிக்காத உயரத்தில். இறக்கை நுனிகளில் சின்ன மிதவைகள், பக்கவாட்டில் சாய்ந்துவிடாமல் இருக்க. அடிவயிற்றில் நடுவிலே சட்டென்று ஒரு வெட்டு, மாடிப்படி மாதிரி. இந்தப் படியைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். முழுக் கதையும் அதில்தான் இருக்கிறது.

முதலில் சி.ஜி. ஈர்ப்பு மையம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். விமானத்தின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொண்டால் அந்தப் புள்ளி எங்கே? வால் உள்ள சாதாரண அமைப்பில் அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்னால், இறக்கை அகலத்தில் 25 முதல் 33 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இறக்கை 200 மில்லிமீட்டர் அகலம் என்றால் 50க்கும் 66க்கும் நடுவில். முதல் பறத்தலுக்கு 50ஐ ஒட்டியே வைப்பது புத்திசாலித்தனம். மூக்கு கனத்த விமானம் மந்தமாகவாவது பறக்கும், வால் கனத்தது ஒரே ஒரு தடவைதான் பறக்கும் என்று இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்கள் சொல்வது வெறும் வேடிக்கை இல்லை.

நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் பாடமாக நடத்தத் தேவையில்லை. லாரியில் பாரத்தைப் பின்சக்கரத்துக்கும் பின்னால் தள்ளி ஏற்றினால் என்ன ஆகும் என்று எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்வார். முன்சக்கரம் தரையில் பதியாது, ஸ்டியரிங் லேசாகிவிடும், திருப்பினால் வண்டி பேச்சுக் கேட்காது. வால் கனத்த விமானமும் அதேதான். லாரிக்காவது தரை இருக்கிறது!

சி.ஜி. பின்னால் போய்விட்டது என்று தெரிந்தால் நிறையப் பேர் செய்கிற முதல் வேலை, மூக்கில் ஈயத்தை ஒட்டுவது. வீச்சு வலையில் கட்டும் ஈயக்குண்டு மலிவாகக் கிடைக்கிறதே! கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ மாடல், சி.ஜி. 12 மில்லிமீட்டர் பின்னால் இருக்கிறது. சரியான புள்ளியிலிருந்து மூக்கு 240 மில்லிமீட்டர் தூரம். 1000ஐ 12ஆல் பெருக்கி 240ஆல் வகுத்தால் 50. அதாவது 50 கிராம் ஈயம். மாடல் ஒரே அடியில் ஐந்து சதவீதம் கனத்துவிட்டது; தண்ணீரை விட்டு எழும்ப இன்னும் நீளமான ஓட்டம் வேண்டும். அதற்குப் பதிலாக 150 கிராம் பேட்டரியை 80 மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தினால்? 150ஐ 80ஆல் பெருக்கினால் அதே 12,000. ஒரு கிராம்கூடக் கூடாமல் வேலை முடிகிறது. ஆகவே பேட்டரிக்கு இடத்தைக் கடைசியில் ஒதுக்காமல், முன்னும் பின்னும் நகர்த்த வசதியாக நீளமான ஒரு தட்டாக முதலிலேயே வைத்துவிட வேண்டும். காவடி தூக்குகிறவர் பாரம் ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு குடத்தில் கல்லைப் போடுவதில்லை, தோளில் தண்டைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்கிறார். கோயில் விழாக்களுக்கு மோகனூர்க் காவிரியில் தீர்த்தம் எடுத்துப் போகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

பக்கவாட்டுச் சமநிலையை அநேகமாக யாரும் பார்ப்பதே இல்லை. மோட்டார் தண்டில் ஒரு நூல், வால் நுனியில் ஒரு நூல் கட்டித் தொங்கவிட்டால் எந்த இறக்கை கனம் என்று தெரிந்துவிடும். எதிர்ப்பக்க இறக்கை நுனியில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை ஒட்டினால் பெரும்பாலும் போதும். தரை விமானத்தில் இந்தச் சின்ன வித்தியாசம் கவனிக்கப்படாமலே போகும். தண்ணீரில் அப்படி இல்லை. கனத்த பக்கத்து மிதவை ஆழமாக அமுங்கும், அந்தப் பக்கம் தண்ணீர் அதிகமாக இழுக்கும், ஓட ஆரம்பித்த உடனே மாடல் அந்தப் பக்கமே திரும்பும். போதாததற்கு மோட்டாரின் முறுக்கு வேறு. புரொப்பெல்லர் பின்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றினால் உடல் இடப்பக்கம் சாயப் பார்க்கும். இரண்டும் ஒரே பக்கமாகச் சேர்ந்தால் முழு திராட்டில் கொடுத்த மறுநொடி மாடல் வட்டமடிக்கும்.

இனி மிதவை. தரை விமானத்தில் மாட்டுவதானால் மிதவைகளின் சொந்த ஈர்ப்பு மையம் விமானத்தின் சி.ஜி.க்கு நேர்கீழே வருகிற மாதிரி பொருத்தினால் பழைய சமநிலை கெடாது. ஆனால் அதையும் படியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் படிக்குத்தான் முதலிடம், சி.ஜி.யைப் பேட்டரியால் சரிசெய்துகொள்ளலாம்.

அந்தப் படி எதற்கு? வளைந்த அடிப்பாகத்தைத் தண்ணீர் விடாமல் பிடித்துக்கொள்ளும். குழாயிலிருந்து விழும் தண்ணீரில் ஸ்பூனின் முதுகைக் காட்டினால் அது உள்ளே இழுக்கப்படுவதைச் சமையலறையிலேயே பார்க்கலாம். ஆரம்பகாலப் பறக்கும் படகுகளுக்கு இதே வியாதிதான். 1910 மார்ச் 28 அன்று பிரான்சில் ஹென்றி ஃபாப்ர் தண்ணீரிலிருந்து முதன்முதலாக எழும்பிக் காட்டினார். ஆனால் 1912இல் அமெரிக்காவில் கிளென் கர்ட்டிஸ் படகு வடிவ உடலோடு முயன்றபோது அது வேகமாக ஓடியதே தவிர, தண்ணீரை விட்டு வரவில்லை. அடிப்பாகத்தில் ஒரு படி வெட்டிய பிறகுதான் அந்த இடத்தில் காற்று புகுந்து, தண்ணீரின் பிடி விட்டது. அன்றிலிருந்து கேட்டலினா வரை, இன்றைய ட்வின் ஆட்டர் மிதவை வரை படி இல்லாத நீர்விமானத்தைப் பார்ப்பது அரிது.

இந்தப் படி சி.ஜி.க்கு நேர்கீழே, அல்லது கொஞ்சம் பின்னால் இருக்க வேண்டும். மேலே சொன்ன அளவு மாடலுக்கு அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை பின்னால் என்பது நல்ல தொடக்கம். படி சி.ஜி.க்கு முன்னால் வந்துவிட்டால் மாடல் பின்னால் சரிந்து வாலில் உட்காரும், வேகம் எடுத்தால் ஓங்கில் மாதிரி மூக்கைத் தூக்கித் தூக்கிக் குதிக்கும். ரொம்பப் பின்னால் போனால் எலிவேட்டரை எவ்வளவு இழுத்தாலும் மூக்கு எழும்பாது. கரை முடிகிற வரை படகாகவே ஓடும். இதிலிருந்து ஒரு விஷயம் புரிகிறது. தரை விமானத்தில் சி.ஜி.யை இறக்கையோடு மட்டும் பொருத்திப் பார்த்தால் போதும். நீர்விமானத்தில் இறக்கை, சி.ஜி., படி என்று மூன்றும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள வேண்டும். சி.ஜி.யை மட்டும் சரிபார்த்துவிட்டு ஆற்றுக்குப் போகிறவர் மூன்றில் ஒரு பங்கு வேலையைத்தான் முடித்திருக்கிறார்.

மிதவையின் முன்நுனி புரொப்பெல்லரைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் அலையிலேயே மூக்கு உள்ளே போகும். மிதவைகளின் பக்கப்பரப்பு முன்பக்கம் கூடிவிடுவதால் வால் தன் வேலையைச் செய்யத் திணறும். செங்குத்து வாலைக் கொஞ்சம் பெரிதாக்கவோ அடியில் ஒரு துண்டு சேர்க்கவோ வேண்டியிருக்கும். கேட்டலினா மாதிரி மோட்டாரை மேலே தூக்கி வைத்த பறக்கும் படகு என்றால் இன்னொரு குணம் உண்டு: திராட்டில் கொடுத்தால் மூக்கு எழும்பாது, அமுங்கும். தெரியாதவர் பயந்து இன்னும் திராட்டில் கொடுப்பார். அப்புறம் என்ன, முங்கல்தான்.

இப்போது தொட்டி. கிணற்று மோட்டார் தண்ணீர் விழுகிற சிமெண்ட் தொட்டி மோகனூர்ப் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறது. முதல் பறத்தலுக்குத் தயாராகும் மாடலுக்கு அதைவிட நல்ல சோதனைச்சாலை கிடையாது. பேட்டரி உட்பட எல்லாவற்றையும் மாட்டி மிதக்கவிட வேண்டும். ஒரு கிலோ மாடல் ஒரு லிட்டர் தண்ணீரை விலக்கும், ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான். ஆகவே இரண்டு மிதவைகளின் மொத்தக் கொள்ளளவும் இரண்டு லிட்டரை ஒட்டி இருந்தால் பாதி அமுங்கி, பாதி வெளியே தெரியும். இரண்டு பக்கமும் ஒரே ஆழத்தில் அமுங்குகிறதா, பின்பக்கம் மட்டும் முங்கி நிற்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் போதும். மேஜைமேல் நூல் கட்டிப் பார்த்ததைவிடத் தண்ணீர் இன்னும் துல்லியமாகச் சொல்லும்.

அப்படியே ஒரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். இதுதான் யாருக்கும் பொறுமை இல்லாத இடம். இதுதான் முக்கியமான இடமும். தெர்மாகோல் தண்ணீர் குடிக்காது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மணிகள் ஓரளவுக்குக் குடிக்காமல் இருக்கலாம், மணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி குடிக்கும். அட்டையும் பால்சாவும் வைத்துக் கட்டிய உள்ளீடற்ற மிதவையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் போதும். மரவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசை ஈரத்தில் இளகிவிடும் என்பது தெரிந்தும் அதையே தடவுகிறவர்கள் உண்டு. எபாக்ஸி பசைக்குக் கொஞ்சம் அதிகம் செலவானாலும் இங்கே கஞ்சத்தனம் கூடாது.

ஒழுகினால் என்ன ஆகும்? மிதவைகளின் பின்பகுதியில் வெறும் 50 மில்லி தண்ணீர், அரை டம்ளர்கூட இல்லை, சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அது 50 கிராம். சி.ஜி.யிலிருந்து 200 மில்லிமீட்டர் பின்னால் இருக்கிறது. 50ஐ 200ஆல் பெருக்கி 1050ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9.5. சி.ஜி. கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் பின்னால் போய்விட்டது! காலையில் 60 மில்லிமீட்டரில் வைத்துவிட்டு வந்த மாடல் இப்போது எல்லையைத் தாண்டி வால் கனத்து நிற்கிறது. மேலே பார்த்த படியும் இதோடு சேர்ந்து சி.ஜி.க்கு முன்னால் வந்துவிடும். தண்ணீர் உள்ளே அங்குமிங்கும் ஓடுவதால் இந்தக் கனம் ஓரிடத்தில் நிற்கவும் நிற்காது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. "பேலன்ஸ் சரியாத்தான் இருந்துச்சு, ரேடியோதான் காலை வாரிடுச்சு" என்று சொல்லப்படும் விபத்துகளில் எத்தனையில் இந்த அரை டம்ளர் ஒளிந்திருக்கும்!

மிதவையின் பின்முனையில் சிறிய ஒரு துளையும் அதற்கு ஒரு ரப்பர் மூடியும் இருந்தால் தண்ணீரை வடித்து, ஊசி போடும் சிரிஞ்சில் அளந்துவிடலாம். அளப்பது முக்கியம். ஒரு மணி நேரத்தில் 5 மில்லி என்றால் பத்து நிமிடம் பறக்கலாம். 50 மில்லி என்றால் அன்றைக்கு வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

மின்சாரச் சமாச்சாரங்களில் நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ரிசீவரைப் பலூனுக்குள் போட்டுக் கட்டுவது பழைய வித்தை, இன்றும் வேலை செய்கிறது. ரிமோட் சிக்னல் அறுந்தால் மோட்டார் தானே நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்திருக்க வேண்டும். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, ரிமோட்டை அணைத்துப் பார்த்து அதைச் சோதிக்க வேண்டும். ஏலரான் திசை மாறியிருப்பது மட்டும் இன்னும் மாடல்களைத் தின்றுகொண்டிருக்கிறது. ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் ஏலரான் மேலே எழ வேண்டும். பத்து நொடி வேலை.

இதற்கு ஒரு மறுப்பும் இருக்கிறது, அது நியாயமானதுதான். "மாடல்தானே, விழட்டும். நாலு தடவை விழுந்தால்தான் கத்துக்க முடியும்" என்பார்கள். ஃபோம் போர்டில் செய்து புல்வெளியில் விடும் தரை விமானத்துக்கு இது முழுக்கச் சரி. விழுந்ததைப் பொறுக்கி, ஒட்டி, அடுத்த நாளே மறுபடி விடலாம். ஆற்றில் விழுந்தால் பொறுக்குவது யார்?

அதுதான் இந்த விஷயத்தில் உண்மையாகவே பயப்பட வேண்டிய இடம். மோகனூர்க் காவிரி மேலே பார்க்க அமைதியாக இருக்கும். முழங்கால் ஆழம் என்று நினைத்து நடக்கிறவரின் அடுத்த அடி மணல் அள்ளிய பள்ளத்தில் இருக்கலாம். மேட்டூரில் தண்ணீர் திறந்தால் நேற்று நடந்து போன திட்டு இன்று இருக்காது. மோட்டார் நின்றுபோன மாடல் நின்ற இடத்தில் நிற்காது, ஆற்றோடு கிழக்கே போய்க்கொண்டே இருக்கும். அதைச் செய்ய மாதக்கணக்கில் உழைத்தவன் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பானா? சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கத்தான் தோன்றும். நீச்சல் தெரிந்தவர்கள்தான் முதலில் இறங்குவார்கள் என்பது இன்னும் ஆபத்து. வீட்டில் தெரியாமல் ஆற்றுக்கு வந்தவன் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே பறக்குமா பறக்காதா என்ற கேள்விக்கு முன்னால் எடுத்துவருவது யார், எதில் என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். பரிசல் ஓட்டத் தெரிந்த மீனவர் ஒருவரைக் கேட்டு, கூலி பேசி, பரிசலோடு கரையில் இருக்கச் செய்வது முதல் வழி. பாலம் வருவதற்கு முன்னால் ஊரே பரிசலில் அக்கரைக்குப் போய்வந்துகொண்டிருந்தது; அந்த அனுபவம் உள்ளவர்களுக்கு எந்த இடத்தில் சுழல், எந்த இடத்தில் பள்ளம் என்று தெரியும். தூண்டில் நரம்பின் நுனியில் டென்னிஸ் பந்தைக் கட்டி, மாடலுக்கு அப்பால் எறிந்து மெதுவாக இழுப்பது இரண்டாவது வழி. கரையோரமாக விழுந்தால் மட்டும் உதவும். இரண்டும் இல்லாவிட்டால் மாடல் போனது போனதுதான் என்று கிளம்பும்போதே தோழர்களோடு பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். விழுந்த பிறகு அந்த முடிவை எடுக்க முடியாது.

இதைவிட எளிய வழி முதல் பறத்தலை ஆற்றில் வைக்காமல் இருப்பது. நாமக்கல் பக்கத்தில் தூசூர் ஏரி மாதிரி ஏரிகள் நிரம்பியிருக்கிற காலத்தில் ஓட்டம் இல்லாத தண்ணீர் கிடைக்கும். மாடல் நின்றாலும் காற்று அதைத் தள்ளிக்கொண்டு வந்து ஏதாவது ஒரு கரையில் சேர்க்கும். ஏரியிலும் இறங்கக் கூடாதுதான். ஆனால் காத்திருந்தால் திரும்பி வரும். ஆறு திருப்பித் தராது, மாயனூர் கதவணைப் பக்கம் கொண்டுபோய்விடும். மோகனூரில் ஆறு இருக்கும்போது ஏரி தேடி அலைவதா என்று கேட்பவர்கள் ஐந்தாறு முறை ஏரியில் பறக்கவிட்டபின் ஆற்றுக்கு வரட்டும்.

கல்லூரிகளில் நடக்கும் ஏரோமாடலிங் பயிலரங்கங்களும் இந்த அவசரத்துக்கு ஒரு காரணம். இரண்டு நாள், ஒரு கிட், மாலையில் பயிற்சியாளர் பறக்கவிடுவார், எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டு சான்றிதழோடு வீட்டுக்குப் போவார்கள். பறந்ததற்குத்தான் கைதட்டல். மாடலை எடை போட்டு, சி.ஜி.யைக் கணக்கிட்டு, ஏன் அந்த இடம் என்று தாளில் எழுதிக் கொடுத்த மாணவனுக்கு யார் கைதட்டினார்கள்? பறக்கவிடாமலே முழு மதிப்பெண் வாங்க முடிகிற ஒரு தேர்வு இதில் இருந்தால், முதல் பறத்தலில் உடைகிற மாடல்கள் பாதியாகக் குறையும்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள், படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் பொழுதுபோக்குக்கும் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குள் விடப்படும் 25 கிலோவுக்கு மேற்படாத மாடல்களைத் தனி வகையாகவே வைத்திருக்கின்றன. அதற்காக எங்கும் விடலாம் என்று அர்த்தம் இல்லை. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று கிளம்பும் முன் பார்க்க வேண்டும். ஆடிப்பெருக்கு அன்றைக்கும், கரையில் குளிக்கிற கூட்டம் இருக்கிற மற்ற நாட்களிலும் வரைபடம் எந்த நிறத்தில் இருந்தாலும் விடக் கூடாது. சுற்றும் புரொப்பெல்லர் கத்திதான்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு வேடிக்கை. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து கரூர்ப் பக்கமெல்லாம் அடிக்கிற மாதங்களில் மாடலைப் பையிலேயே வைத்திருக்கலாம். அதற்காகக் கண்ணாடி மாதிரி அசையாத தண்ணீரும் நல்லதில்லை. அசையாத தண்ணீர் மிதவையைப் பிடித்துக்கொள்ளும். விமானம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் கண்ணுக்குத் தெரியாது, பெரிய விமானங்களின் பைலட்டுகளே இதில் ஏமாறுவதுண்டு. லேசான சிற்றலை ஓடுகிற காலை நேரம்தான் சரி.

அன்றைக்கும் உடனே பறக்க வேண்டியதில்லை. முதலில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, காற்றுக்கு எதிராகவும் குறுக்காகவும் திரும்புகிறதா என்று கவனிக்க வேண்டும். பிறகு பாதி திராட்டிலில், மிதவை படிமேல் ஏறி நிற்கிற வேகம் வரை. குதிக்கிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா, சாரல் புரொப்பெல்லரில் அடிக்கிறதா? ஏதாவது ஒன்று தப்பாக இருந்தால் கரைக்குக் கொண்டுவந்து பேட்டரியை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தி மறுபடி. இந்த ஓட்டங்களிலேயே ஒரு பேட்டரி தீர்ந்துவிடும், தீரட்டும். இரண்டாவது பேட்டரியை மாட்டும் முன் மிதவைகளின் மூடியைத் திறந்து, வடிந்த தண்ணீரை சிரிஞ்சில் அளந்து, அந்த எண்ணை மிதவையின் மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதிவிட்டு, இரண்டு விரலில் மாடலை மறுபடி தூக்கிப் பார்க்க வேண்டும். தொட்டியில் பார்த்த அதே இடத்தில் நின்றால் மூடியை மாட்டித் தண்ணீரில் இறக்கலாம்.